கனடா மேயர் ஒருவரின் அரசியல் வாழ்க்கையைத் தமிழில் எழுதுவது எப்படி: ஒரு பிழைதிருத்துபவரின் வழி

'மாநகர' என்ற நான்கு எழுத்தை வெட்டினேன். ஒரு மேயர் முதலமைச்சராகிவிட்டார்.

ஒரு சிறு மாத இதழுக்கு வளசரவாக்கத்தில் வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுக்கிறேன், பதினாறு வருஷமாக. பக்கம் மிஞ்சினால் நிரப்பவும் செய்வேன். அப்படி நிரப்பியதுதான் நஹீத் நென்ஷியைப் பற்றிய ஒன்றரைப் பக்கம். கனடாவில் கால்கரி நகர மேயராக இருந்து, ஆல்பர்ட்டா மாகாண அரசியலுக்குப் போனவர். கனடாவில் இருக்கும் நம் தமிழர்கள் எழுதியதையும் தேடித் தேடிப் படித்துக் குறிப்பெடுத்தேன். அவர்கள் மேயரை 'மாநகர முதல்வர்' என்று எழுதுவார்கள், யாழ்ப்பாணத்து வழக்கம். கடைசிப் பத்தி இரண்டு வரி நீண்டு பக்கத்தில் அடங்காமல் நின்றது. 'முதல்வர்' மட்டும் இருந்தால் போதாதா என்று வெட்டிவிட்டேன்.

இதழ் வந்த மூன்றாம் நாள் ஸ்காபரோவிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. எங்கள் மாடி வீட்டில் பதினோரு வருஷம் குடியிருந்துவிட்டுக் கனடா போன அக்கா. "தங்கச்சி, அந்த மனுசன் எப்ப முதல்வரானவர்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அடுத்த இதழில் மூன்று வரித் திருத்தம் போட்டோம். அந்தத் திருத்தத்துக்கும் நானே பிழை திருத்தினேன் என்பது தனி வேதனை.

இப்போது புதிதாக வந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் இதே மாதிரிக் குறிப்புகள் எழுதுகிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கு நென்ஷியையே எடுத்துக்கொள்கிறேன், அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நாற்காலிக் கணக்கு

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். மூன்று பத்தி கோடு போடுங்கள்: எந்த நாற்காலி, எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார். பட்டம், பாராட்டு, பிறந்த ஊர் எதுவும் இந்தத் தாளில் வரக்கூடாது.

நென்ஷிக்கு முதல் வரி சுலபம். 2010 அக்டோபர் 18 தேர்தலில் ஜெயித்து மேயர். 2013இலும் 2017இலும் மறுபடி ஜெயித்தார். 2021இல் போட்டியிடவில்லை, அந்த அக்டோபரோடு எழுந்துவிட்டார்.

அடுத்த வரியில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். 2024 ஜூன் 22 அன்று ஆல்பர்ட்டா புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவரானார், ரேச்சல் நோட்லிக்கு அடுத்து. அந்தக் கட்சிதான் மாகாணச் சட்டமன்றத்தில் பிரதான எதிர்க்கட்சி. உடனே கை தானாக எழுதும்: '2024இல் எதிர்க்கட்சித் தலைவரானார்'. தப்பு. அன்று அவருக்குச் சட்டமன்றத்தில் நாற்காலியே இல்லை. அவையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்து பேசியவர் கிறிஸ்டினா கிரே. நோட்லி தன் இடத்தைக் காலி செய்து, எட்மன்டன்-ஸ்ட்ராத்கோனா தொகுதியில் 2025 ஜூன் 23 அன்று இடைத்தேர்தல் நடந்து, அதில் ஜெயித்த பிறகுதான் நென்ஷி உள்ளே போனார். கட்சித் தலைவர் பதவிக்கும் அவை நாற்காலிக்கும் நடுவே ஒரு வருஷமும் ஒரு நாளும்.

கவனித்தீர்களா, கால்கரியில் பதினோரு வருஷம் மேயராக இருந்தவர் சட்டமன்றத்துக்குப் போனது எட்மன்டன் தொகுதியிலிருந்து. இரண்டும் ஆல்பர்ட்டாவில் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும் ஊர்கள், ஐஸ் ஹாக்கியில் கேட்கவே வேண்டாம். மதுரைக்காரர் கோயம்புத்தூரில் நின்ற மாதிரி என்று நான் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். ஆனால் இந்த விஷயத்துக்குக் கண்டிப்பாக ஒரு வரி வேண்டும். நாற்காலிக் கணக்கு போடாதவர் கண்ணுக்கு இது தெரியாது.

2021 அக்டோபரிலிருந்து 2024 வரை தாளில் வெற்றிடம் இருக்கும். அதை நிரப்ப எதையாவது தேடாதீர்கள். 'இரண்டரை வருஷத்துக்கு மேல் எந்தப் பதவியிலும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போங்கள்.

தேதியில் இன்னொரு குழி. கால்கரியில் இரவு எட்டு மணிக்கு வாக்குப்பதிவு முடியும்போது நமக்கு மறுநாள் காலை ஏழரை. அந்த ஊர் 18ஆம் தேதி முடிவு இங்கே 19ஆம் தேதிச் செய்தி, பேப்பரில் வரும்போது 20. சென்னைப் பத்திரிகையைப் பார்த்துத் தேதி எடுத்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ தள்ளிப்போகும். அந்த நகராட்சியும் சட்டமன்றமும் தங்கள் தளத்தில் போட்டிருக்கும் தேதியைத்தான் எடுக்க வேண்டும்.

எந்த முதல்வர்?

என் பிழை இங்கேதான் நடந்தது என்பதால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்.

கனடாத் தமிழில் 'மாநகர முதல்வர்' என்றால் மேயர். 'நகரபிதா' என்றாலும் மேயர்தான். மாகாண ஆட்சித் தலைவரைப் 'பிரீமியர்' என்பார்கள், 'மாகாண முதல்வர்' என்றும் எழுதுவார்கள், வெறுமனே 'முதல்வர்' என்றும் எழுதுவார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு முதல்வர்கள் வந்தால் அங்கே இருப்பவருக்குக் குழப்பமில்லை. நமக்கு முதல்வர் என்றால் கோட்டையில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான். அதனால் சென்னை இதழுக்கு எழுதும்போது நகரத்துக்கு 'மேயர்', மாகாணத்துக்கு 'பிரீமியர்' என்று இரண்டையும் கடன்சொல்லாகவே வைத்துக்கொள்ளுங்கள். தனித்தமிழ் ஆர்வலர் யாராவது கடிதம் போட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

உறுப்பினர் பெயரிலும் இதே வம்பு. ஆல்பர்ட்டாவில் எம்.எல்.ஏ., நம்ம ஊர் மாதிரியே. ஒண்டாரியோவில் அதே வேலையைச் செய்பவர் எம்.பி.பி., அதாவது மாகாண நாடாளுமன்ற உறுப்பினர். கியூபெக்கில் தேசிய அவை உறுப்பினர். எம்.பி.பி. என்பதில் கடைசி எழுத்து ஏதோ அச்சுப்பிழை என்று நினைத்து ஒருவரை நான் எம்.பி. ஆக்கி டில்லிக்கு, மன்னிக்கவும், கனடாத் தலைநகர் ஒட்டாவாவுக்கு அனுப்பப் பார்த்தேன். அச்சுக்குப் போகும் முன் தப்பித்தது. எந்த மாகாணமானாலும் 'மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்' என்று எழுதினால் வாசகருக்குப் புரியும். மாநிலம் என்று எழுத வேண்டாம், மாகாணம் என்பதே அங்கே புழக்கத்தில் இருப்பது.

ஊர்ப்பெயர் உங்கள் இதழின் வழக்கம். அக்கா 'ரொறன்ரோ', 'ஒன்ராறியோ' என்று எழுதுவார், நாங்கள் டொரண்டோ, ஒண்டாரியோ. எதுவானாலும் சரி, ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.

ரிப்பன் மாளிகையை மறந்துவிடுங்கள்

மேயர் என்ற சொல்லைப் படித்ததும் சென்னைக்காரர் மனதில் சிவப்பு அங்கி, தங்கச் சங்கிலி, வெள்ளை ரிப்பன் மாளிகை வந்து நிற்கும். கூடவே ஸ்டாலினும் வருவார். 1996இல் மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டு மேயரானவர், அதே சமயம் ஆயிரம் விளக்கு எம்.எல்.ஏ., 2002இல் மேயர் நாற்காலி போனது, 2021இல் முதலமைச்சர். மேயராக இருந்து பிறகு சைதாப்பேட்டை எம்.எல்.ஏ., அமைச்சர் என்று போன மா. சுப்பிரமணியனும் நினைவுக்கு வருவார். இதை ஒரு வரியில் சொல்லி வாசகரை உள்ளே இழுக்கலாம். அதற்கு மேல் ஒப்பிட்டால் கட்டுரை கெட்டுப்போகும், ஏனென்றால் பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு.

இங்கே 2022இல் 200 வார்டு கவுன்சிலர்கள் கூடித்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர்கள். அன்றாட நிர்வாகம் ஆணையர் கையில். அதற்கு முன்னால் 2016 அக்டோபரிலிருந்து மன்றமே இல்லாமல் ஐந்து வருஷத்துக்கு மேல் ஊர் ஓடியது. கால்கரியில் மேயரை ஊர் முழுக்க ஓட்டுப்போட்டு நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மன்றத்தில் 14 கவுன்சிலர்கள், மேயரோடு 15. மேயருக்கும் ஒரே ஒரு ஓட்டு, மற்றவரைப் போல. எட்டுப் பேரைச் சேர்க்கத் தெரியாதவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாது. ஒண்டாரியோவில் 2022இலிருந்து பல நகர மேயர்களுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே 'கனடாவில் மேயர் என்றால் இப்படி' என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது, எந்த மாகாணம், எந்த வருஷம் என்று பாருங்கள்.

இதைவிட முக்கியம் கட்சி. நென்ஷி போட்டியிட்ட மூன்று தேர்தலிலும் கால்கரி வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. 2024இல் மாகாண அரசு சட்டத்தைத் திருத்தி, 2025 தேர்தலிலிருந்துதான் கால்கரியிலும் எட்மன்டனிலும் உள்ளூர்க் கட்சிகளை அனுமதித்தது. லிபரல் சிவப்பும் கன்சர்வேடிவ் நீலமும் கலந்தால் ஊதா, நான் எந்தப் பக்கமும் இல்லை என்று காட்ட நென்ஷி ஊதா நிறத்தைப் பிடித்துக்கொண்டார். அப்படிப்பட்டவர் ஆரஞ்சு நிறப் புதிய ஜனநாயகக் கட்சிக்குத் தலைவரானதுதான் செய்தி. சென்னையில் ஒரு மேயர் ஏதோ ஒரு கட்சிக்காரர் என்பதில் என்ன செய்தி இருக்கிறது? அங்கே அதற்கு ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.

எங்கள் இதழ் கறுப்பு வெள்ளை. ஊதாவைப் பற்றி நான் உருகி எழுதிய பத்திக்குப் பக்கத்தில் சாம்பல் நிற டை கட்டிய நென்ஷி சிரித்துக்கொண்டிருந்தார். படமும் வரியும் அருகருகே வரும் என்று தெரிந்தால் பக்கம் கட்டுபவரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

ஏன் போகிறார்கள் என்று எழுதுங்கள்

பிள்ளைகள் எழுதிக் கொடுக்கும் குறிப்பில் எப்போதும் விட்டுப்போவது இதுதான். மேயராக இருந்தார், பிறகு மாகாண அரசியலில் இறங்கினார் என்று இருக்கும். ஏன் இறங்கினார்?

கனடாவின் 1867ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தில் 92ஆம் பிரிவு நகராட்சிகளை மாகாணங்களின் பொறுப்பில் விட்டிருக்கிறது. மாகாணம் நினைத்தால் ஊரைப் பிரிக்கலாம், சேர்க்கலாம். 2018இல் டொரண்டோவில் மன்றத் தேர்தலுக்கு வேட்பாளர்கள் களத்தில் இறங்கிய பிறகு, ஒண்டாரியோ அரசு 47 வார்டுகளை 25 ஆகக் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021இல் ஐந்துக்கு நான்கு என்று மாகாணமே ஜெயித்தது. ஒரு ஊரின் மேயருக்குக் குடுமி எங்கே இருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் கை எங்கே இருக்கிறது என்பது இதில் தெரிந்துவிடும். அந்தக் கை இருக்கும் இடத்துக்குப் போக நினைப்பதில் ஆச்சரியமில்லை. இது என் கருத்து, அவரவர் சொன்ன காரணம் வேறாக இருக்கலாம். கட்டுரையில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

'உயர்ந்தார்' என்ற சொல்லுக்குத் தடை

மேயரிலிருந்து மாகாணத்துக்கு 'உயர்ந்தார்' என்று எழுதினால் நான் சிவப்பு மையில் அடிப்பேன். ஏணி என்று ஒன்று அங்கே இல்லை.

போனி குரோம்பியைப் பாருங்கள். முதலில் 2008இலிருந்து 2011 வரை ஒட்டாவாவில் எம்.பி. பிறகு மிசிசாகா நகர கவுன்சிலர். 2014இல் மேயர். 2023 டிசம்பரில் ஒண்டாரியோ லிபரல் கட்சித் தலைவர், அடுத்த மாதம் மேயர் நாற்காலியை விட்டார். 2025 பிப்ரவரி மாகாணத் தேர்தலில் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். இதில் எது ஏறுவது, எது இறங்குவது? ஜிம் வாட்சன் ஒட்டாவா மேயராக இருந்து, மாகாணச் சட்டமன்றத்துக்குப் போய், மறுபடி 2010இல் ஒட்டாவா மேயராகவே திரும்பி வந்து 2022 வரை இருந்தார். அவரை என்ன, கீழே விழுந்தார் என்பீர்களா?

நேராகப் போனவர்களும் உண்டு. கால்கரியிலேயே ரால்ஃப் கிளைன், தொலைக்காட்சி நிருபராக இருந்தவர். 1980இலிருந்து 1989 வரை மேயர், 1988 குளிர்கால ஒலிம்பிக் அவர் காலத்தில்தான் அங்கே நடந்தது. 1989இல் எம்.எல்.ஏ., கையோடு சுற்றுச்சூழல் அமைச்சர், 1992 டிசம்பரில் பிரீமியர், 2006 வரை. வான்கூவர் மேயர்களாக அடுத்தடுத்து இருந்த மைக் ஹார்கோர்ட்டும் கார்டன் கேம்பலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரீமியர்கள் ஆனார்கள். இவர்களுக்கும் 'போனார்', 'ஆனார்' என்ற வினைச்சொற்களே போதும்.

ஒரு சம்பவத்தைக் கிட்டத்தில் காட்டுங்கள்

பதினோரு வருஷ மேயர் காலத்தைப் பட்டியலாகப் போட்டால் வாசகர் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போய்விடுவார். ஒன்றை எடுத்து நிறுத்துங்கள். நான் எடுத்தது 2013 ஜூன் வெள்ளம்.

கால்கரி நடுவில் போ என்ற ஆறும் எல்போ என்ற ஆறும் கலக்கின்றன. மேற்கே ராக்கி மலையில் கொட்டிய மழை இரண்டிலும் சேர்ந்து ஊருக்குள் வந்தது. ஹாக்கி அரங்கான சாடில்டோமில் கீழ்வரிசை இருக்கைகள் தண்ணீருக்குள். பல்லாயிரம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். மேயர் தூங்காமல் ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டு, மணிக்கணக்கில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த மக்கள், 'நென்ஷி, கொஞ்சம் தூங்குங்கள்' என்று ட்விட்டரில் ஒரு ஹேஷ்டேக்கே தொடங்கிவிட்டார்கள். பொங்கி ஓடும் ஆற்றில் சிலர் சிறு படகில் போனதைப் பார்த்து, அவர்களைக் குறிக்க என்னிடம் நிறையப் பெயர்ச்சொற்கள் இருக்கின்றன, ஆனால் எதையும் சொல்ல எனக்கு அனுமதியில்லை என்கிற மாதிரி ஒன்று சொன்னார். இரண்டு வாரத்தில், ஜூலை 5 அன்று, ஸ்டாம்பீட் திருவிழா வழக்கம்போல் தொடங்கியது.

2015 டிசம்பரில் எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். பால் பாக்கெட்டை அன்னக்கூடையில் வைத்து மாடிக்குக் கயிற்றில் ஏற்றினோம், மாடி வீட்டு அக்காதான் இழுத்தார். சென்னை வாசகருக்கு வெள்ளத்தை விளக்கத் தேவையில்லை, அதனாலேயே இந்தச் சம்பவத்தை எடுத்தேன். உங்கள் வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதோ ஒன்று அந்த மேயரின் காலத்திலும் இருக்கும், தேடுங்கள்.

வெள்ளத்தோடு நிறுத்தினால் அது சுவரொட்டி. தோல்வியும் வேண்டும். 2026 குளிர்கால ஒலிம்பிக்கை மறுபடி கால்கரிக்குக் கொண்டுவர நென்ஷி ஆசைப்பட்டார். 2018 நவம்பரில் ஊரைக் கேட்டார்கள், 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

சதவீதம் எழுதும்போது எதில் சதவீதம் என்று எழுதுங்கள். 2013 மேயர் தேர்தலில் 74, 2017இல் 51, கட்சித் தலைவர் தேர்தலில் 86. இதை வரிசையாகப் போட்டால் விழுந்து எழுந்த கதை மாதிரி அழகாக இருக்கும். முதல் இரண்டும் ஓட்டுப்போட்ட ஊர்மக்கள், மூன்றாவது ஓட்டுப்போட்ட கட்சி உறுப்பினர்கள். சேர்த்து எழுதுவது ஏமாற்று.

பூர்வீகத்துக்கு ஒரு வரி

டொரண்டோவில் பிறந்து கால்கரியில் வளர்ந்தவர், பெற்றோர் தான்சானியாவிலிருந்து போன குஜராத்தி இஸ்மாயிலி முஸ்லிம்கள். முடிந்தது. ஆசிரியர் தலைப்பில் 'நம்மவர்' போடச் சொல்வார், போராடிப் பாருங்கள். தமிழர் ஒருவரே வேண்டுமென்றால் லோகன் கணபதியை எழுதலாம்: 2006இலிருந்து 2018 வரை மார்க்கம் நகர கவுன்சிலர், பிறகு ஒண்டாரியோ மாகாணச் சட்டமன்ற உறுப்பினர். மேயராக இருந்தவர் இல்லை, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அனுப்பும் முன்

கணினியில் 'முதல்வர்' என்று தேடுங்கள். ஒவ்வொன்றிலும் நின்று, எந்த ஊர், எந்த நாற்காலி என்று கேளுங்கள். பிறகு, அந்த நாட்டில் இருக்கும் யாருக்காவது ஃபோனில் வாசித்துக் காட்டுங்கள். ஸ்காபரோ நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால், சாயங்காலம் ஐந்தரைக்குக் கூப்பிட்டால் அக்கா காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். போன மாதம் பிள்ளைகளில் ஒருத்தி எழுதிய குறிப்பில் 'முதல்வர்' பதினோரு இடத்தில் இருந்தது. ஒன்பது சரி. பத்தாவதை நான் பிடித்தேன். பதினோராவதை அக்கா பிடித்தார்.